மீட்டர் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது

மின்சார வண்டிப் பயிற்சிக்கு வருகிறவர்களில் எனக்கு அதிகக் கவலை தருவது புதுப் பையன்கள் இல்லை, இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்கள்தான். பையனுக்குப் பயம் இருக்கும், கேட்டுக் கேட்டுச் செய்வான். அனுபவசாலிக்கோ யோசிப்பதற்கு முன்பே கை வேலையை ஆரம்பித்துவிடும்.

ஒயர் நுனியை பாடியில் உரசி, பொறி பறக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் 12 வோல்ட் வண்டியில் வந்தது. மின்சாரக் காரில் பேட்டரி பெரும்பாலும் 300 முதல் 400 வோல்ட். சில புது மாடல்களில் 800. பேட்டரியில் வருகிற, ஒரே திசையில் ஓடும் கரண்டான டி.சி.யில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்றுதான் விதிகளில் எல்லை போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கரண்ட் நொடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். டி.சி. அப்படி வராது, அதனால் ஒருமுறை பிடித்த பொறி லேசில் அணையாது. மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். "மோதிரம் கழலவே மாட்டேங்குது சார்" என்பவருக்கு அன்றைக்கு வேடிக்கை பார்க்கிற வேலை மட்டும்.

உயர் வோல்ட் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுமுன் வண்டியை ஆஃப் செய்ய வேண்டும், சாவியைத் தூரமாக வைக்க வேண்டும், கூடவே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி யாரும் திரும்பச் சொருக முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் வருகிற காத்திருப்புதான் பெரும்பாடு. பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில், கரண்டைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை காலியாக, வண்டியைப் பொறுத்து ஐந்து, பத்து நிமிடம் பிடிக்கும். வேலைக்காரக் கையை பத்து நிமிடம் சும்மா வைத்திருக்கப் பழக்குவது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பு எடுத்தால்தான் தெரியும்.

ஒருமுறை, கரண்டே இல்லாத பயிற்சிப் பெட்டியின் முன் ஒருவரை நிறுத்தி, உள்ளே ஒயர் அறுந்த புரோப் (தொட்டுப் பார்க்கும் முனை) மாட்டிய மீட்டரைக் கொடுத்தேன். வைத்துப் பார்த்தார். பூஜ்யம். "கரண்ட் இல்ல சார்" என்று கையுறையைக் கழற்றப் போனார். அதே மீட்டரைப் பக்கத்தில் இருந்த நல்ல பேட்டரியில் வைக்கச் சொன்னேன். அங்கேயும் பூஜ்யம். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. கரண்ட் இருப்பது தெரிந்த சப்ளையில் முதலில் மீட்டரைச் சோதி, பிறகு வண்டியில் பார், திரும்பவும் தெரிந்த சப்ளையில் சோதி. இந்த மூன்று படியை அவருக்கு நான் அதற்கப்புறம் நினைவுபடுத்த வேண்டியே வரவில்லை.

கையுறையும் அப்படித்தான். 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, காதோரம் வைத்துக் கேட்க வேண்டும். 'உஸ்' என்று கேட்டால் குப்பைத்தொட்டிக்குத்தான். ஊசி முனை அளவு ஓட்டையைக் கண் பிடிக்காது.

இன்னொன்று: சர்வீஸ் பிளக்கை உருவினாலும் பேட்டரிப் பெட்டிக்குள் செல்கள் உயிரோடுதான் இருக்கும். அந்த மூடியைத் திறப்பது தனிப் பயிற்சி பெற்றவர் வேலை.

கேஸ் வண்டிகளில் ஆபத்து வேறு மாதிரி. கசிகிற எல்பிஜி காற்றைவிடக் கனமானது, வண்டிக்கு அடியில் இருக்கும் குழியில் போய்த் தேங்கும். சிஎன்ஜி இலேசானது, கூரைக்கு ஏறும். அங்கே பொறி வரும் விளக்கு இருந்தால் தீர்ந்தது. சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும், அதனால் கசிகிற இணைப்பை உள்ளே அழுத்தம் இருக்கும்போது முறுக்கவே கூடாது. வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் கார்களின் தொட்டியில் 700 பார், அதோடு ஹைட்ரஜன் பற்றினால் அந்தத் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது.

விபத்தில் அடிபட்டு வரும் மின்சார வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றாதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி சில மணி நேரம் கழித்தும் பற்றலாம், சில நாள் கழித்தும் பற்றலாம். திறந்த வெளியில், சுற்றிலும் 50 அடி விட்டு நிறுத்துங்கள். அவ்வளவு இடம் இல்லாத பட்டறை அந்த வண்டியை எடுக்கவே வேண்டாம்.