எதிர்நாயகனா, முரண்நாயகனா?

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இன்று தவிர்க்க முடியாமல் கையாளும் சொற்களில் ஒன்று ‘ஆன்டி-ஹீரோ’. கொலை செய்கிறவனையும், இன்னொருவன் பெயரில் வாழ்கிறவனையும், போதைப்பொருள் காய்ச்சுகிறவனையும் கதையின் நடுவில் நிறுத்தி, அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நம்மைப் பதைக்கவைக்கும் தொடர்கள் பெருகிவிட்டதால், இச்சொல்லுக்குத் தேவையும் பெருகிவிட்டது. சிலர் அதை ஒலிபெயர்த்து எழுதுகிறார்கள்; பலர் ‘எதிர்நாயகன்’ என்கிறார்கள். இரண்டாவது வழி தமிழாகத் தோன்றினாலும், சொல்ல வந்த பொருளை அது கைவிட்டுவிடுகிறது என்பது என் கருத்து. எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்க்கும்போது, இத்தகைய நாயகர்களுக்குத் துயரமான முன்கதையும் பிறர் அறியாத ஒரு மறுபக்கமும் ஏன் தவறாமல் தரப்படுகின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும்.

‘ஹீரோ’ என்பது ‘ஹீரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஹோமரின் காப்பியங்களில் அது போர்மறவர்களைக் குறித்தது. கிரேக்கச் சமயத்தில், இறந்தபின் வழிபடப்பட்ட, தெய்வத்துக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட முன்னோரையும் குறித்தது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ‘ஒரு கதையின் முதன்மைப் பாத்திரம்’ என்ற இன்னொரு பொருளும் அதனுடன் சேர்ந்தது. அன்று முதல் வீரம் மிக்கவன், கதை யாரைச் சுற்றி நடக்கிறதோ அவன் என்னும் இரண்டு பொருள்களை ஒரே சொல் சுமக்கிறது. வீரனல்லாத ஒருவன் கதையின் நடுவில் வந்து நின்றபோது இந்த இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலுக்கு இட்ட பெயர்தான் ‘ஆன்டி-ஹீரோ’. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இச்சொல் காணப்படுகிறது. ஆயினும் அதற்கு இலக்கியக் கனம் சேர்த்தவர் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. 1864இல் வெளிவந்த ‘நிலவறைக் குறிப்புகள்’ என்ற படைப்பின் முடிவில், நாவலுக்கு ஒரு நாயகன் வேண்டும், இங்கோ அதற்கு நேர்மாறானவனுக்குரிய இயல்புகள் எல்லாம் வேண்டுமென்றே திரட்டப்பட்டுள்ளன என்று கதைசொல்லி தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறான்.

தமிழில் இந்த மோதல் ஒரே சொல்லுக்குள் நடப்பதில்லை. நமக்கு வீரன் வேறு, நாயகன் வேறு. நாயகன் என்பது ‘வழிநடத்து’ என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. தலைவன் என்ற தமிழ்ச்சொல்லும் தலைமையை மட்டுமே சொல்கிறது. ஆகவே, ‘வீரமில்லாத நாயகன்’ என்று தமிழில் சொன்னால் அதில் சொல்லளவில் முரண்பாடு ஏதும் இல்லை. முரண்பாடு நம்முடைய இலக்கணத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம் அது ‘தன்னிகர் இல்லாத் தலைவனை’ உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. தலைவன் என்றால் மட்டும் போதாது, அவனுக்கு நிகராக இன்னொருவர் இருக்கக் கூடாது. நாம் பேசும் தொலைக்காட்சி நாயகனோ, நம்மைப் போன்றவனாக, சில வேளைகளில் நம்மிலும் கீழானவனாக இருக்கிறான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வகை மனிதர்களைக் குறிக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதனும் அவன் வழிவந்த 20ஆம் நூற்றாண்டு நாவல் நாயகர்கள் பலரும் செயலற்றவர்கள், தயங்குகிறவர்கள், தாமே தம்மை வெறுப்பவர்கள். தொலைக்காட்சியின் நாயகன் அப்படிப்பட்டவன் அல்லன். அவன் தன் தொழிலில் தேர்ந்தவன், அஞ்சாதவன், பலரை ஆளுகிறவன். அவனிடம் இல்லாதது வீரம் அன்று, அறம். முதல்வகையினரை ‘வீரமற்ற நாயகன்’ என்று நேராகவே சொல்லிவிடலாம். சொல் தேட வேண்டியிருப்பது இரண்டாம் வகைக்குத்தான்.

அதற்கு ‘எதிர்நாயகன்’ ஏன் பொருந்தாது? தமிழில் ‘எதிர்’ என்பது பெயர்ச்சொல்லின் முன்னால் வரும்போது பெரும்பாலும் நமக்கு எதிர்ப்புறத்தில் நிற்பதையே சுட்டுகிறது. எதிர்வீடு, எதிர்க்கரை, எதிர்க்கட்சி ஆகியவற்றைப் பாருங்கள். எதிர்வீடு என்பதை வீட்டுக்குரிய இயல்பு இல்லாத வீடு என்று யாரும் கொள்வதில்லை. தெருவின் மறுபுறம் இருக்கும் வீடு என்றே கொள்கிறோம். அதே வழக்கில், எதிர்நாயகன் என்று கேட்டவுடன் நாயகனோடு மோதுகிற இன்னொருவன்தான் மனத்தில் தோன்றுகிறான். வடமொழி நாடக இலக்கணத்தில் ‘பிரதிநாயகன்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது இராமனுக்கு இராவணனைப் போல, நாயகனின் பகைவனைக் குறிக்கும். எதிர்நாயகன் என்பது எழுத்துக்கு எழுத்து அதன் தமிழாக்கமாகவே அமைந்துவிடுகிறது. வில்லனுக்கு உரிய சொல்லை வில்லன் அல்லாதவனுக்குக் கொடுத்தால், பிறகு வில்லனை என்ன சொல்லி அழைப்பது?

இவ்வகை நாயகனுக்கு எதிரி வெளியே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உள்ளே கட்டாயம் இருக்கிறான். ஒரே மனிதனுக்குள் அன்பான தந்தையும் கொலைகாரனும் குடியிருக்கிறார்கள். இதைச் சொல்ல ‘முரண்’ என்ற சொல்லை விடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. யாப்பிலக்கணத்தில் முரண்தொடை என்பது, சொல்லாலோ பொருளாலோ மாறுபட்டவற்றை ஒரே செய்யுளுக்குள் தொடுத்து அழகாக்குவது. ஒளியும் இருளும் அங்கே பகைவர்களாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒரு பாட்டின் அடிகளாகப் பிணைந்து நிற்கின்றன. முரண்நாயகன் என்ற சொல்லில் அந்தப் பிணைப்பு கேட்கிறது. நன்னூல் விதிப்படி கண்டிப்பாகப் புணர்த்தினால் இது ‘முரணாயகன்’ என்றே ஆகும் என்பதை அறிவேன். ஆனால், அப்படிப் புணர்த்தினால் சொல்லின் உறுப்புகளும் அவற்றோடு பொருளும் மறைந்துவிடும். முரண்நகை என்ற சொல்லை இன்று விட்டிசைத்து எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டதால், அதே உரிமையை இதற்கும் தரலாம்.

இனி, இந்த முரண் எதிலிருந்து பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில், துன்பியல் நாடகத்தின் நாயகன் முற்றிலும் நல்லவனாகவும் இருக்கக் கூடாது, முற்றிலும் தீயவனாகவும் இருக்கக் கூடாது; இடைப்பட்டவனாக இருந்து, ஒரு ‘ஹமார்ட்டியா’ காரணமாக வீழ வேண்டும் என்கிறார். இந்தக் கிரேக்கச் சொல் இலக்குத் தவறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஹோமரில் எறிந்த ஈட்டி குறி தவறுவதற்கு அவ்வினை வரும். இதைப் பலர் ‘குறை’ என்றும் ‘குற்றம்’ என்றும் மொழிபெயர்க்கிறார்கள். நம்மிடம் அதற்கு அச்சில் வார்த்தது போன்ற ஒரு சொல் உண்டு: பிழை. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற குறளில் ‘பிழைத்த வேல்’ என்பது குறி தவறிய வேல். கிரேக்கத்தில் ஈட்டி தவறுவதும் தமிழில் வேல் தவறுவதும் மனிதன் நெறி தவறுவதைச் சொல்லும் சொல்லாக ஆகியிருப்பது எனக்கு ஓயாத வியப்பைத் தருகிறது. தமிழ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உயிர் தப்புவதும் பிழைத்தல்தான். வயிற்றுக்கு வழிதேடுவதும் பிழைத்தல்தான். 2008 முதல் 2013 வரை 62 அத்தியாயங்களாக ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் வால்டர் ஒயிட், புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர். தமக்குப் பின் குடும்பம் பிழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பிழை செய்யத் தொடங்குகிறார். தொடர் முழுவதும் நடப்பது இந்த ஒரு வினைச்சொல்லின் இரண்டு பொருள்களுக்கு இடையிலான போராட்டமே.

தொலைக்காட்சிக்கு இத்தகைய மனிதன் தேவைப்பட்டதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. அமெரிக்க ஒளிபரப்பாளர் சங்கத்தின் நெறிமுறை 1952 முதல் 1983 வரை நடைமுறையில் இருந்தது. குற்றம் விரும்பத்தகாததாகவும் பரிவுக்கு இடமற்றதாகவும் காட்டப்பட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. விளம்பர வருவாயை நம்பியிருந்த அலைவரிசைகள், யாரையும் முகம்சுளிக்க வைக்காத நாயகனையே விரும்பின. அத்தியாயங்களை எந்த வரிசையில் மறுஒளிபரப்பு செய்தாலும் புரிய வேண்டியிருந்ததால், நாயகன் தொடக்கத்தில் இருந்தபடியே முடிவிலும் இருந்தாக வேண்டும். சந்தாவால் இயங்கிய எச்பிஓ போன்ற அலைவரிசைக்கு இந்தக் கட்டுகள் இல்லை. அதன் ‘தி சொப்ரானோஸ்’ 1999 சனவரியில் தொடங்கி 2007 சூனில் 86ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், மகளுக்குக் கல்லூரி பார்க்கச் சென்ற இடத்தில், தன் கும்பலை முன்பு காட்டிக்கொடுத்தவன் ஒருவனைக் கண்டு, குற்றக் கும்பல் தலைவனான டோனி சொப்ரானோ தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் இவனை வெறுத்துவிடுவார்கள் என்று அலைவரிசை அஞ்சியது. கொல்லாமல் விட்டால்தான் அவன் மீதான நம்பிக்கை போய்விடும் என்று படைப்பாளர் டேவிட் சேஸ் வாதிட்டார். பார்வையாளர்கள் விலகவில்லை.

எட்டாண்டு நடக்கும் கதைக்கு மாசற்ற நாயகன் போதமாட்டான். அவனுக்கு வெளியிலிருந்துதான் தொல்லை வர முடியும். ஒரு தொல்லை தீர்ந்தால் இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். சில காலத்தில் அது சலித்துவிடும். தன்னோடு தானே பொருதுகிறவனுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. ஆனால், தீமை செய்கிறவனோடு நாம் இத்தனை ஆண்டுகள் உடனிருக்க வேண்டுமானால், அதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். அதைத் தருவதே துயரமான கடந்தகாலம். இதை ஆங்கிலத்தின் ‘பேக்ஸ்டோரி’யைப் பார்த்துச் சிலர் ‘பின்கதை’ என்று எழுதுகிறார்கள்; தமிழில் முன்பு நடந்தது முன்கதை. தொடர்கதைகளின் தலைப்பில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று அச்சிட்ட வழக்கு இருக்கும்போது, திசை மாற்றி எழுத வேண்டிய தேவை இல்லை.

முன்கதை பரிவை மட்டும் தருவதில்லை. பிறருக்குத் தெரியாததை நமக்குத் தெரியவைத்து, நம்மை நாயகனின் உடன்கள்ளர் ஆக்குகிறது. திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாத்திரத்தின் அருகில் நிறுத்தப்படுவதும் அப்பாத்திரத்தின் பக்கம் சார்வதும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டினார். முதலாவதை அணுக்கம் என்றும் இரண்டாவதைச் சார்பு என்றும் சொல்லலாம். முரண்நாயகத் தொடரின் கலைத்திறம், அணுக்கத்தைச் சிறிது சிறிதாகச் சார்பாக மாற்றுவதில் இருக்கிறது. ‘மேட் மென்’ தொடரில், வெற்றிபெற்ற விளம்பர நிபுணர் டான் டிரேப்பர் உண்மையில் கொரியப் போரில் இறந்த அதிகாரி ஒருவரின் பெயரைத் திருடிக்கொண்ட, அன்பறியாது வளர்ந்த ஏழைப் பிள்ளை என்பது, உடன் வாழும் மனைவிக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே நமக்குத் தெரிகிறது. அந்த இரகசியத்தைக் காப்பவர்களுள் நாமும் ஒருவராகிவிடுகிறோம். ‘டெக்ஸ்டர்’ தொடரில் இந்த உத்தி இன்னும் அப்பட்டமானது. மூன்று வயதில் தாய் கண்முன் கொல்லப்பட்டதைக் கண்ட குழந்தை, வளர்ந்து, கொலைகாரர்களை மட்டுமே தேடிக் கொல்கிறவன் ஆகிறான். அங்கே முன்கதை ஏறக்குறைய ஒரு கணக்குச் சூத்திரம் போல வேலை செய்கிறது என்பதால், அத்தொடரை என்னால் முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு நெருங்கிய உறவினன் கோவலன். மாதவியிடம் சென்று பொருளெல்லாம் தொலைத்து, வறுமையின் நாணத்தோடு கண்ணகியிடம் திரும்பி வருகிறவனைத் தன்னிகரில்லாத் தலைவன் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு முன்கதையும் உண்டு. முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லுவித்தான் என்றும், சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் பலித்தது என்றும், மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறுகிறது. ஆனால், ஒரு வேறுபாடு பெரிது. இளங்கோவடிகளின் காப்பியத்தில் முன்கதை, கோவலனுக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்பதை விளக்குகிறது. அதுவும் அவன் இறந்த பின்னரே சொல்லப்படுகிறது. தொலைக்காட்சியில் முன்கதை, நாயகன் ஏன் இப்படிச் செய்கிறான் என்பதை விளக்குகிறது. ஊழ் இருந்த இடத்தில் இன்று உளக்காயம் வந்து அமர்ந்திருக்கிறது.

அதனால்தான் காரணத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள இடைவெளியைத் தொடர்கள் கைவிட்டுவிடக் கூடாது என்று கருதுகிறேன். இறந்த மனைவியையோ குழந்தையையோ முதல் காட்சியில் காட்டிவிட்டு, அதன்பின் நாயகன் செய்வது அனைத்துக்கும் அதையே அனுமதிச் சீட்டாக்கும் தொடர்கள் ஏராளம். அவற்றில் முரண் இல்லை, வெறும் பழிவாங்கலே இருக்கிறது. ‘தி சொப்ரானோஸ்’ இதில் நேர்மையானது. டோனியின் இளமைத் துயரங்களை ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த மனநல மருத்துவர் மெல்ஃபி, இத்தகையோருக்குப் பேச்சுவழிச் சிகிச்சை குற்றத் திறனையே கூர்மையாக்கும் என்னும் ஆய்வைப் படித்தபின், இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவனை வெளியே அனுப்பிக் கதவை மூடுகிறார். அவரோடு சேர்ந்து அந்த அறையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாமும்தான். வால்டர் ஒயிட்டும் இறுதி அத்தியாயத்தில் மனைவியிடம், இதையெல்லாம் தனக்காகவே செய்ததாக ஒப்புக்கொள்கிறார்.

வழக்கில் இச்சொல்லைக் கையாளும்போது, துயரமான கடந்தகாலம் உடையவர் அனைவரையும் முரண்நாயகர் என்று எழுதிவிடக் கூடாது. பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட பேட்மேன் 1939 முதல் துயரத்தைச் சுமந்தாலும், பொதுவாக நீதியின் பக்கமே நிற்பதால் அவர் நாயகர்தாம். தீமையை மட்டுமே நாடுகிறவன் கதையின் நடுவில் நின்றாலும் அவன் தீயநாயகன். முரண் என்று சொல்ல அவனுள் மறுதரப்பு வேண்டும். பெண்பாலுக்கு முரண்நாயகி பொருந்தும். 2009இல் தொடங்கிய ‘நர்ஸ் ஜாக்கி’யின் மருந்துக்கு அடிமையான செவிலியும், 2016இல் வெளிவந்த ‘ஃப்ளீபேக்’ தொடரில் தோழியின் சாவுக்குத் தானும் காரணம் என்ற உண்மையை மறைத்துத் திரியும் பெண்ணும் அப்பெயருக்கு உரியவர்கள்.