“மீன் எண்ணெய்தானே டாக்டர்!”

ஐந்து வயதுப் பையன். உதடு வெடித்து, வாயோரம் தோல் உரிந்திருக்கிறது. முடி கொட்டுகிறது. கால் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழுகை, தலைவலி வேறு. என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “மருந்து எதுவுமே கொடுப்பதில்லை” என்றார் அம்மா. சத்துக்கு ஏதாவது? “மீன் எண்ணெய் மட்டும்தான். அது மருந்து இல்லையே டாக்டர்.”

பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். காட் மீன் ஈரல் எண்ணெய். காலையில் அம்மா ஒரு பெரிய கரண்டி, அது தெரியாமல் மாலையில் அப்பா ஒரு பெரிய கரண்டி. நான்கு மாதங்களாக!

இந்த வருடம் என்னிடம் இப்படி வந்த மூன்றாவது குழந்தை இது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களுக்குக் கொழுப்பு சதையிலேயே இருக்கும். அந்த உடலிலிருந்து எடுப்பது மீன் எண்ணெய். அதில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு உண்டு. வைட்டமின் ஏ, டி பெரிதாக இருக்காது. காட், ஹேடக், பொலாக் எல்லாம் அடங்கிய காட் குடும்பம் அப்படியில்லை. அவற்றின் வெள்ளைச் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே அதிகம். சேமிப்பு முழுவதும் ஈரலில்தான். அந்த ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தால் ஒமேகா-3யோடு வைட்டமின் ஏ, டி இரண்டும் கூடவே வரும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி மஞ்சள் மாத்திரையாக இருக்கும். மீன் எண்ணெய்க்கு யாரோ சொன்ன அளவை ஈரல் எண்ணெய்க்கும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். வைட்டமின் அளவைக் குறைத்துத் தயாரிக்காத ஈரல் எண்ணெய் ஒரு பெரிய கரண்டியில், அதாவது 15 மில்லியில், ஏறக்குறைய 4000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 400. தாண்டக்கூடாத வரம்பு 900. பெரியவர்களுக்கே வரம்பு 3000தான். இந்தப் பையனுக்குப் போனது எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

“இயற்கையானதுதானே, கூடினால் என்ன?” என்பார்கள். துருவக்கரடியின் ஈரலும் இயற்கையானதுதான். அதைத் தின்ற துருவப் பயணிகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து தோலே உரிந்திருக்கிறது. காரணம் இதே வைட்டமின் ஏ. கேரட்டைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். ஈரல் எண்ணெயில் இருப்பதோ ரெட்டினால், மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத தயார் வைட்டமின் ஏ. வைட்டமின் சி போல மிச்சம் சிறுநீரில் போய்விடாது, நம் கல்லீரலில் தங்கிச் சேரும்.

நான் இந்த எண்ணெய்க்கு எதிரி இல்லை. ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் வந்து கால் வளைந்த குழந்தைகளை இது நிமிர்த்தியிருக்கிறது. இதிலிருந்த வைட்டமின் ஏவை அழித்த பிறகும் ரிக்கெட்ஸ் குணமாவதை 1922-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெக்காலம் குழுவினர் காட்டினார்கள். வைட்டமின் டி என்று தனியாக ஒன்று இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதனால்தான் சொல்கிறேன், இது மருந்து. மருந்தாக நினைத்து அளந்து கொடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: வேண்டாம். கருத்தரிக்க முயல்பவர்களுக்கும் வேண்டாம். ரெட்டினால் அளவு மீறினால் கருவின் உறுப்புகள் உருவாகும் நாட்களிலேயே ஊனம் ஏற்படலாம். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளுக்கு இதை வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுபவர்களும் தொடாதீர்கள், அதுவும் வைட்டமின் ஏ வகையறாதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மீன் ஒவ்வாமை இருந்தால் அதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே மல்ட்டிவைட்டமின் சாப்பிட்டால் அதிலும் ஏ, டி இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். வீட்டில் குழந்தைக்குக் கொடுப்பது யாராவது ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் கரண்டியைத் தூக்கி வையுங்கள், பாட்டிலோடு வரும் அளவு மூடி எதற்கு இருக்கிறது?

பையனுக்கு எண்ணெயை நிறுத்தினோம். சில வாரங்களில் உதடு ஆறிவிட்டது, கால்வலியும் போய்விட்டது. முடி மட்டும் மெதுவாக வளர்கிறது.

அப்புறம் ஒன்று. டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், நீங்கள் மருந்தாக நினைக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையே எடுத்து வாருங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் படித்துக்கொள்கிறேன்.