அம்மாவோட மாத்திரைப் பையை ஒரு தடவை கொட்டிப் பாருங்க

போன மழை சீசன்ல ஒருத்தர் அவங்க அம்மாவை கூட்டிட்டு வந்தார். ஒரு வருஷமா மறதி நோய்க்கு மாத்திரை ஓடுது, ஆனா இந்த ரெண்டு மாசமா திடீர்னு ரொம்ப மோசம், ராத்திரி எந்திரிச்சு உக்காந்து இது யார் வீடுன்னு கேக்குறாங்க, டோஸை கூட்டிக் குடுங்க டாக்டர்னார். நான் அம்மாவை நாக்கை நீட்டச் சொன்னேன். வறட்டி மாதிரி காஞ்சு கெடக்கு. "இட்லி எறங்க மாட்டேங்குது தம்பி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி குடிக்க வேண்டியிருக்கு"ன்னாங்க. வெளிய போயி நாலு நாளாச்சாம், அதை மகன் முன்னாடி சொல்ல கூச்சம், நர்ஸ்கிட்ட காதுல சொன்னாங்க.

மாத்திரையெல்லாம் எங்கன்னு கேட்டு பையை வாங்கினேன். ஏதோ கல்யாண வீட்டு தாம்பூலப் பை, மணமக்கள் பேரு பாதி அழிஞ்சிருந்துச்சு. டேபிள்ல கொட்டினா 11 அட்டை. காலையில டோனெபெசில், அது ஞாபகத்துக்கு. ராத்திரி ஆக்சிபியூட்டினின், அது அடிக்கடி யூரின் போறதுக்கு. அது போக மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கின ஜலதோஷ மாத்திரை, குளோர்பெனிரமைன் போட்டது, சளி எப்பவோ போயிருச்சு, ஆனா தூக்கம் நல்லா வருதுன்னு தெனமும் ஒண்ணு.

இதுல என்ன பிரச்சினைன்னா, மூளையில ஒரு செல்லு இன்னொரு செல்லுகிட்ட பேசுறது கெமிக்கல் வழியாதான். அதுல அசிட்டைல்கோலின்னு ஒண்ணு, கவனம், புதுசா ஒண்ணை மனசுல பதிய வைக்கிறது இதுக்கெல்லாம் அது வேணும். நரம்பு கெமிக்கல்லயே முதல்ல கண்டுபிடிச்சது இதைத்தான், 1921ல ஆஸ்திரியாவுல ஆட்டோ லோவி தவளை இதயத்தை வெச்சு காட்டினார், ராத்திரி தூக்கத்துல ஐடியா வந்து எழுதி வெச்சு, காலையில தன் கையெழுத்தே தனக்கு புரியாம, மறுநாள் ராத்திரி அதே ஐடியா திரும்ப வந்ததும் நேரா லேபுக்கு ஓடினவர் (டாக்டர் கையெழுத்துன்னு சும்மாவா சொல்றாங்க). 1936ல நோபல் பரிசு.

வயசாக ஆக இந்த கெமிக்கலோட கை இருப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையுது. டோபமைன்னு இன்னொரு மூளை கெமிக்கல், அதுவும் அப்படித்தான், அதனாலதான் நடை, யோசனை எல்லாமே ஒரு கியர் கம்மியாகுது, அது நோய் இல்ல. பேரு சட்டுனு வாயில வரலன்னா பயப்படாதீங்க, அரை மணி நேரம் கழிச்சு தானா வரும். அல்சைமர்ங்கிற மறதி நோய்ல கதை வேற. மூளையோட அடிப்பக்கம் மைனர்ட் நியூக்ளியஸ்னு ஒரு சின்ன இடம், மேல இருக்கிற மூளைப் பட்டைக்கு அசிட்டைல்கோலின் சப்ளை பெரும்பாலும் அங்கிருந்துதான், அங்க இருக்கிற செல்லே செத்துப் போகுது. டோனெபெசில் அந்த செல்லை உயிரோட கொண்டு வராது, மிச்சம் மீதி சுரக்கிறதை சிதைக்கிற என்சைமை தடுத்து, இருக்கிறதை கொஞ்ச நேரம் கூட நிக்க வைக்கும், அவ்வளவுதான்.

ஆக்சிபியூட்டினின் என்ன பண்ணும்னா, அதே அசிட்டைல்கோலின் போய் உக்கார வேண்டிய ரிசப்டரை அடைச்சிரும். அந்த ஜலதோஷ மாத்திரையும் இதே வேலையைத்தான் பண்ணும். மோட்டாரை போட்டுவிட்டு கேட் வால்வை மூடின கதை. இதுல கொடுமை, டோனெபெசில் போட்டா சிலருக்கு யூரின் அவசரம் வரும், அதை புது வியாதின்னு நெனச்சு இன்னொரு இடத்துல இன்னொரு மாத்திரை எழுதிருவாங்க. யாரையும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, பத்து நிமிஷ ஓபில முழு பையை யாரும் பாக்குறதில்ல, நானும் தவற விட்டிருக்கேன்.

ரிசப்டரை அடைச்சா என்ன ஆகும்ங்கிறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஊமத்தங்காய் தின்னவன் என்ன ஆவான்? வாய் காயும், கண்ணு மங்கும், இல்லாததை பேசுவான். ஊமத்தையில இருக்கிற ஸ்கோபொலமைனை 1974ல டிராக்மேன், லெவிட்னு ரெண்டு பேர் நல்லா இருக்கிற இளவட்டங்களுக்கு குடுத்து பார்த்தாங்க, ஞாபகப் பரிட்சையில வயசானவங்க மாதிரி மார்க் வந்துச்சு. சின்ன வயசுக்காரங்களுக்கே அப்படின்னா, ஏற்கனவே இருப்பு கம்மியா இருக்கிற 78 வயசுக்கு?

கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிற அமிட்ரிப்டைலின், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின், வயித்து வலிக்கு டைசைக்ளோமைன், பஸ்ல வாந்தி வராம இருக்க ப்ரோமெதசின், எல்லாத்துக்கும் இந்த குணம் உண்டு. ஒண்ணே சிலருக்கு ஆகாது, மூணு சேர்ந்தா பெரிய வம்பு. அதுக்காக இதை படிச்சிட்டு வீட்ல நீங்களே நிறுத்தாதீங்க, சிலதை படிப்படியாதான் குறைக்கணும். பையோட வாங்க, மெடிக்கல்ல வாங்கின சிரப்பு, பக்கத்து வீட்டு அக்கா குடுத்த மாத்திரை எல்லாம் சேர்த்து.

இன்னொண்ணு சொல்லிடறேன். பெரியவங்க வீட்டுக்குள்ள சின்னப் பசங்க ஓடுறாங்க, நாய் நிக்குதுன்னு தெளிவா சொன்னா, நடையும் மெதுவாயிருந்தா, காத்து கருப்புன்னு அலையவும் வேணாம், தூங்க வைக்க ஊசி போடுங்கன்னு கேக்கவும் வேணாம். அது லூயி பாடி டிமென்ஷியாங்கிற இன்னொரு வகை மறதி நோயா இருக்கலாம், அதுல டோபமைனும் கம்மி, ஆளை அடக்க போடுற ஹாலோபெரிடால் ஊசி போட்டா ஆளு கட்டையா விறைச்சு உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த அம்மாவுக்கு ஜலதோஷ மாத்திரையை நிறுத்தி, யூரின் டாக்டர்கிட்ட பேசி ஆக்சிபியூட்டினினை மாத்தினோம், டோனெபெசில் டோஸை கூட்டவே இல்ல. மூணு வாரம் கழிச்சு வந்தாங்க. மறதி போகல, இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியல, மகனுக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான். ஆனா ராத்திரி குழப்பம் நின்னு போச்சு, நாக்கு ஈரமா இருந்துச்சு. கெளம்பும்போது நான் மறந்து போயி தாம்பூலப் பையை டேபிள்லயே வெச்சிட்டேன், வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்து, "தம்பி, என் பை"ன்னு கையை நீட்டினாங்க.