சூதுபவள மணியைத் துளைத்தது எது?

அருங்காட்சியகத்தில் பழைய சூதுபவள மணிமாலை முன்னால் நின்றால் கண் முதலில் போவது அந்தச் சிவப்புக்குத்தான். என்னை வியக்க வைப்பது நூல் கோக்கும் அந்தச் சின்னத் துளை.

சூதுபவளம் குவார்ட்ஸ் வகைக் கல். மோஸ் கடினத்தன்மை அளவில் ஏறத்தாழ 7. சாதாரண இரும்புக் கத்தியோ 5.5 அளவில்தான் இருக்கும். அதனால் கீறிப் பார்த்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கத்திதான் தேயும். ஆனால் இரும்பே அறியாத சிந்துவெளி மக்கள், 4000 ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தக் கல்லில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான துளை போட்டிருக்கிறார்கள். எதை வைத்து?

பதில் துளைக்குள்ளேயே இருக்கிறது. அவ்வளவு ஒடுக்கமான துளைக்குள் எப்படிப் பார்ப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. அதற்கு வழி கண்டவர்கள் பல் மருத்துவத் துறையிலிருந்து வந்த லியோனார்ட் கோரெலிக், ஜான் குவின்னெட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிகான் பசையைத் துளைக்குள் செலுத்தினார்கள். அது இறுகியதும் மெல்ல உருவி எடுத்தால், துளையின் உட்சுவர் அப்படியே அச்சாக வெளியே வரும். மணிக்குச் சேதமில்லை. பிறகு அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமான தடம் விடும். வைர நுனி துளைத்த சுவரில் திருகாணியின் மரைபோல, சீரான கூரிய வரிகள் வட்டவட்டமாகத் தெரியும். சிந்துவெளியின் நீள மணிகளில் அந்த வரிகள் இல்லை. சுவர் வழவழவென்று இருக்கிறது. அங்கே துளைத்தது கல்லேதான். 1935–36இல் தொல்லியலாளர் எர்னஸ்ட் மெக்கே சிந்துவெளி ஊரான சான்ஹுதாரோவில் அகழாய்வு செய்தபோது சிறிய கல் துளைப்பான்கள் கிடைத்தன. பின்னாளில் அந்தக் கல்லுக்கு அவர் பெயராலேயே எர்னஸ்டைட் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துளைப்பானின் வடிவத்தைக் கவனியுங்கள்: நுனி சற்று அகலம், நடுப்பகுதி சற்று ஒல்லி. அதனால் உள்ளே இறங்க இறங்கத் தண்டு சுவரில் உரசிச் சிக்காது. இதை யோசித்துச் செய்த அந்தக் கைவினைஞரை எண்ணிப் பார்க்கிறேன். அவர் பெயர் எங்கும் இல்லை.

சரி, எவ்வளவு நேரம் பிடிக்கும்? தொல்லியலாளர் ஜோனதன் மார்க் கெனோயர் சோதனை செய்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கியது. கராச்சிக்கு அருகே அல்லாதினோவில் 36 நீளமான சூதுபவள மணிகள் கொண்ட ஒரு இடையணி கிடைத்திருக்கிறது. அதைச் செய்து முடிக்க 480 வேலை நாள் ஆகியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சந்திப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் சிலிகான் அச்சில் அது சிறு படியாகத் தெரிந்துவிடும்.

வைரம் வந்தபின் வேலை பல மடங்கு வேகமானது. குஜராத்தின் கம்பாத்தில் இந்த முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் துறப்பணத்தைச் சுழற்றுவார்களே, அதுபோல ஒரு வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுகிறார்கள். நுனியில் இரண்டு சிறு வைரச் சில்லுகள். சூடு தணிய நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இலங்கையின் மாந்தையில் கிடைத்த கி.பி. 700–1000 காலத்து மணிகளில், கோரெலிக்கும் குவின்னெட்டும் இதே வைர வரிகளைக் கண்டார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் பழங்காலத்தில் ஒரு மணித்தொழில் ஊர். அங்கே ஒரே கல்லறையில் 2000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணி கிடைத்தால் மட்டும் போதாது, அது வேறெங்கிருந்தோ வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் உடைத்த சில்லுகள், உருட்டாத கற்கள், வேலை பாதியில் நின்றுபோன மணிகள் எல்லாம் சேர்ந்து கிடைத்தால், செய்த இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், முழு மணியைவிட அரைகுறை மணிக்குத்தான் மதிப்பு அதிகம். துளை மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் துளைப்பான் நுனியின் வடிவம் அழிந்துவிடும். பாதியில் நின்ற துளையின் அடியில் அது அப்படியே பதிந்திருக்கும். அதனால் மழைக்குப் பின் வயலில் இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், ஊசி விட்டு மண்ணைக் குடைய வேண்டாம். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மண்ணோடே தொல்லியல் துறையிடம் ஒப்படையுங்கள்.