சர்ச்: கோயிலா, சபையா?

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஆச்சி முதல்முறையாகச் சேலம் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு தாமதம் செய்ய, ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளைச் சேலை, கையில் வேதாகமப் பை. அஸ்தம்பட்டியில் தெருமுனைக்குத் தானே நடந்துபோய் ஓர் ஆட்டோவை நிறுத்தி, "கோயிலுக்குப் போங்க தம்பி" என்றிருக்கிறாள். ஆடி மாதம் வேறு. ஆட்டோக்காரர் எந்தக் கோயில் என்று கேட்கவே இல்லை. "சரிங்க பாட்டி" என்று கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

இதில் யார் மேலும் தப்பில்லை. ஆச்சியின் ஊரில் கோயில் என்றால் ஒன்றுதான், அடையாளம் சொல்லத் தேவையில்லை. ஆடியில் சேலத்தில் கோயில் என்றாலும் ஒன்றுதான், அங்கேயும் தேவையில்லை. இந்த இரண்டு ஊர்களின் பேச்சும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் 'சர்ச்' என்ற சொல் உள்ளே வருகிறது. எல்லாச் சமயத்தாரும் கலந்து வாழும் நகரத்தில் ஆட்டோவுக்கு வழி சொல்ல அது வசதியான சொல். ஏற்காட்டிலும் இதே கதைதான். மலைமேல் வெறுமனே கோயில் என்றால் சேர்வராயன் கோயில், மற்றதெல்லாம் சர்ச்.

வசதி சரி. ஆனால் அந்த ஒரு சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "சர்ச்சுக்கு வெள்ளையடித்தார்கள்." "சர்ச் இதை ஏற்கவில்லை." "சர்ச் விட எட்டரை ஆகும்." முதல் வாக்கியத்தில் அது கட்டடம். இரண்டாவதில் மக்களும் அவர்களை நடத்தும் அமைப்பும். மூன்றாவதில் காலை வழிபாடு. தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் நெடுநாளாகவே இருக்கின்றன. நாம்தான் மூன்றையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டோம்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'குரியோஸ்' என்றால் ஆண்டவர், தலைவர், உடையவர். அதிலிருந்து 'குரியகோன்', ஆண்டவருக்கு உரியது. ஆண்டவருக்கு உரிய வீடு என்ற பொருளில் தொழுமிடத்தைக் குறித்தது. ஜெர்மானிய மொழிகள் இதை எடுத்துக்கொண்டு தேய்த்ததில் ஜெர்மனில் 'கிர்கெ', ஸ்காட்லாந்தில் 'கிர்க்', ஆங்கிலத்தில் 'சர்ச்' என்று வந்து நின்றது. மலையாள நண்பர்களிடம் குரியாக்கோஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே வேர்தான்.

இப்போது நம் சொல்லை எடுங்கள். கோ என்றால் அரசன், தலைவன், இறைவன். இல் என்றால் வீடு. கோ + இல் = கோயில். சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் அரண்மனையும் கோயில்தான். இறைவனின் இருப்பிடமும் கோயில்தான். அதாவது 'குரியகோன்' எதைச் சொல்கிறதோ அதையே 'கோயில்' சொல்கிறது. ஆளுகிறவரின் வீடு. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே மாதிரி சொல் செய்திருக்கின்றன. (குரிய'கோன்' என்று முடிவதைப் பார்த்து யாரும் தமிழ்க் கோனைத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அங்கே 'கோன்' வெறும் விகுதி. வேர் முன்பாதியில் இருக்கிறது.)

ஆக, சர்ச் என்ற கட்டடத்துக்குச் சரியான தமிழ் எது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் கோயில் என்பேன். பொருளும் அதுவே, பழக்கமும் அதுவே. தென்மாவட்டங்களில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றும் அவர்கள் தொழுமிடத்தை வேதக்கோயில் என்றும் ஊரார் அழைத்தார்கள். கத்தோலிக்கர்களிடம் மாதா கோயில். வெளியார் பலருக்கு எந்தச் சர்ச்சும் மாதா கோயில்தான், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலய வாசலில் நின்று "மாதா கோயில் இதுதானே?" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆலயம், தேவாலயம் இரண்டும் வடசொற்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் தேவாலயம் என்பது எருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயத்தைக் குறிக்கும். அதையே அஸ்தம்பட்டியில் இருக்கும் சர்ச் கட்டடத்துக்கும் சொல்வது பிழையில்லை. ஆனால் இரண்டையும் பேசும் பிரசங்கத்தில் கேட்பவர்கள் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் ஆங்கிலம் சர்ச் என்று எழுதும் இடங்களில் கிரேக்க மூலத்தில் 'குரியகோன்' இல்லை. அங்கே இருப்பது 'எக்லேசியா'. இது வேறு சொல், வேறு பொருள். 'வெளியே', 'அழை' என்ற இரண்டு வேர்கள் சேர்ந்தது. ஏதென்சில் குடிமக்கள் கூடி ஊர்க் காரியங்களை முடிவு செய்த கூட்டத்துக்கு அதுதான் பெயர். 'உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று பிரசங்கங்களில் இதை நீட்டி விளக்குவதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அக்காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவனுக்குத் தோன்றியது கூட்டம் என்பதுதான். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்தார் கூச்சல் போட்டுக் கூடுகிறார்களே, அந்தக் கூட்டத்துக்கும் மூலத்தில் எக்லேசியாதான். போர்த்துக்கீசியரின் 'இக்ரேஜா', பிரெஞ்சுக்காரரின் 'எக்ளீஸ்' எல்லாம் இதன் பிள்ளைகள்.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இங்கே ஏமாறவில்லை. "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்றுதான் எழுதினார்கள். 'கட்டுவேன்' என்று இருந்தும் கோயில் என்று எழுதவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைப் பற்றிச் சொல்லும்போது 'தங்கள் வீட்டிலே கூடுகிற சபை' என்று வருகிறது. வீட்டில் கூடுவது கட்டடமாக இருக்க முடியுமா? ஆங்கிலத்தில் அந்த வசனத்தைப் படித்தால் வீட்டுக்குள் சர்ச் எப்படி நுழைந்தது என்று ஒரு கணம் திகைப்போம். தமிழ் வாசகனுக்கு அந்தத் திகைப்பே வராது.

சபை வடசொல்தான். ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் அதற்கு நல்ல வரலாறு உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைத் தீர்மானித்ததும் சபையே. ஊர்க் காரியம் பேசக் கூடிய கூட்டத்தின் பெயர் பிற்பாடு இறைமக்களின் கூட்டத்துக்கு வந்தது, எக்லேசியாவுக்கு நடந்தது போலவே. தனித்தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு அவை இருக்கிறது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே உண்டு. ஆனால் 'எங்கள் அவையில் ஞாயிறு திருவிருந்து' என்றால் மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது. நான் சபையையே வைத்துக்கொள்வேன்.

சேலத்துக்காரர்களின் வாயில் சபை என்ற சொல் இவ்வளவு இயல்பாகப் புழங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் எண்ணம். இங்கே 1827-இல் வேலை தொடங்கியது லண்டன் மிஷனரி சங்கம். அது பெரும்பாலும் கூட்டுச்சபை மரபைச் சேர்ந்தது. ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளின் கூட்டமே முழுமையான சபை, அதற்குமேல் ஆயர் (பிஷப்) ஆட்சி தேவையில்லை என்பது அந்த மரபின் அடிப்படை. இன்னொரு பக்கம் ஆங்கிலேய அதிகாரிகள் தொழுத ஆங்கிலிக்கன் மரபு; அதில் ஆயருக்குத்தான் இடம். இந்த இரண்டும், பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு மரபுகளும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அந்தப் பெயரையும் கவனியுங்கள்: 'தென்னிந்தியக் கோயில்' என்று யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பெந்தெகொஸ்தே மரபினரிடம் போனால் இன்னும் தெளிவு. கீழே பாத்திரக்கடை, மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு டிரம் செட். அந்த இடத்தைக் கோயில் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் அது சபை. வாடகை கட்டுப்படியாகாமல் அடுத்த தெருவுக்கு மாறினாலும் அதே சபை. பெந்தெகொஸ்தே மிஷன்காரர்கள் தங்கள் இடத்தை விசுவாச வீடு என்கிறார்கள். 'இல்' அங்கேயும் வந்துவிட்டது பார்த்தீர்களா!

வாரம் முழுக்க நடப்பதும் சபையின் வேலையே. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஏதாவது ஒரு வீட்டில் குடும்ப ஜெபமும் அது முடிந்து சுண்டலும் காப்பியும். கத்தோலிக்கர்களிடம் தெருவாரியாக, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம். கோயில் பூட்டியிருக்கும் நாளிலும் சபை நடந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது பொருளான ஞாயிறு காலை நிகழ்வுக்குச் சீர்திருத்தச் சபையார் ஆராதனை என்பார்கள். கத்தோலிக்கர் முன்பு பூசை என்றார்கள், இப்போது திருப்பலி. வயதானவர்கள் வாயில் இன்றும் "ஆறு மணிப் பூசை"தான். பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும் தமிழ்ச்சொல் வழிபாடு. 'சர்ச் விட எட்டரை ஆகும்' என்பதற்கு 'ஆராதனை முடிய எட்டரை ஆகும்' என்று சொல்ல ஒரு நொடிகூட அதிகம் ஆகாது.

நாளின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. 'குரியகோன்' பிறந்த அதே வேரில்தான் கிரேக்கர்களின் ஞாயிற்றுக்கிழமையும் பிறந்தது: 'குரியாகே'. ஆண்டவருக்கு உரிய நாள். ஆண்டவரின் வீடும் ஆண்டவரின் நாளும் அவர்கள் மொழியில் அக்காள் தங்கை. தமிழில் ஞாயிறு என்பது சூரியன், அதில் ஆண்டவர் இல்லை. ஆனால் பின்பாதியைப் பாருங்கள். கிழமை என்ற சொல்லுக்குப் பழம்பொருள் உரிமை. உரியவன் கிழவன், உரியவள் கிழத்தி. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். கிரேக்கர் செய்ததும் இதே கட்டுமானம்தான், உரியவர் மட்டும் வேறு. 'குரியாகே'யை அப்படியே தமிழாக்கினால் 'ஆண்டவர்கிழமை' என்று வரும்! வேதாகமம் 'கர்த்தருடைய நாள்' என்கிறது. கத்தோலிக்கர் 'ஆண்டவரின் நாள்' என்கிறார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை ஆன ஊர் இது. நாளின் பெயரும் இடத்தின் பெயரும் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதில்லை.

எழுதும்போது என்ன செய்யலாம்? பேச்சில் சர்ச் இருந்துவிட்டுப் போகட்டும். ஆட்டோவில் ஏறி மொழிப்போர் செய்ய முடியாது. அந்த ஆடிக்குப் பிறகு ஆச்சியே ஆட்டோக்காரரிடம் சர்ச் என்றுதான் சொன்னாள், வீட்டுக்குள் மட்டும் கோயில். எழுத்தில் பிரித்து எழுதலாம். சுவர், மணிக்கூண்டு, வெள்ளையடிப்பு என்றால் கோயில் அல்லது ஆலயம். மக்கள், தீர்மானம், நிலைப்பாடு என்றால் சபை. உலகளாவிய அமைப்பு அல்லது ஒரு பெரும் பிரிவு என்றால் திருச்சபை. நேரம், பாட்டு, பிரசங்கம் என்றால் ஆராதனை, திருப்பலி அல்லது வழிபாடு. 'சர்ச் கண்டனம்' என்று தலைப்புப் போடும் செய்தியாளர் இதைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி நம்மவர்களே உண்டாக்கியது. ஆயர் என்ற சொல்லை எடுங்கள். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பல ஊர்க் கோயில்கள் அடங்கிய ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர், அவருக்கும் மேலே பேராயர். சி.எஸ்.ஐ.யில் திருமண்டலம் எனப்படும் அதே போன்ற பகுதிக்குத் தலைவர்தான் பேராயர். ஆயர் என்பவர் ஒரு சபையைக் கவனிக்கும் குருவானவர். சேலத்தில் ஒரே கல்யாண வீட்டில் இரண்டு ஆயர்கள் வந்திருந்தால், யார் எந்த ஆயர் என்று வரவேற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதீட்ரலும் இப்படித்தான். 1930-இல் சேலம் மறைமாவட்டம் ஆயிற்று. அரிசிப்பாளையத்தில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம் அதன் கதீட்ரல். 'கதீத்ரா' என்றால் கிரேக்கத்தில் நாற்காலி. ஆயரின் நாற்காலி எங்கே இருக்கிறதோ அது கதீட்ரல். கட்டடம் சின்னதாக இருந்தாலும் கதீட்ரல்தான். பேராலயம் என்ற சொல்லில் அந்த நாற்காலி காணாமல் போய், பருமன் மட்டும் மிஞ்சுகிறது. போதாததற்கு வேளாங்கண்ணி போன்ற பசிலிக்காக்களுக்கும் (போப் சிறப்புத் தகுதி தந்த கோயில்களுக்கும்) பேராலயம் என்றே எழுதுகிறோம். பசிலிக்காவுக்குப் பேராலயத்தை விட்டுவிட்டு, கதீட்ரலைத் தலைமைக் கோயில் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கோயிலா கோவிலா என்று கேட்பவர்களுக்கு: கோ என்ற ஓகாரத்துக்குப் பின் வகரம் வருவதுதான் நன்னூல் விதி, ஆகவே கோவில், கோயில் வழக்கில் நிலைத்துவிட்ட வடிவம். இரண்டும் சரி. ஓர் அழைப்பிதழில் இரண்டையும் கலந்து அச்சடிக்காமல் இருந்தால் போதும்.