அட்டை இருந்தால் மட்டும் வாக்குப் போட முடியாது: பட்டியலில் உங்கள் பெயரைப் பாருங்கள்

போன தேர்தலில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். வாக்காளர் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுருக்குப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அலுவலர் பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க பேரை நீக்கியிருக்காங்க" என்றார். பாட்டி அட்டையை மறுபடி நீட்டினார். "கார்டு இருக்கே சாமி?"

பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் வெளியூரில் இருந்திருக்கிறார். பூட்டிய வீட்டைப் பார்த்த யாரோ 'குடிபெயர்ந்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் குடிபெயர்ந்துவிட்டார் என்று பெயரை நீக்குவதற்கு முன், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். பாட்டிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வந்து சேரவில்லை.

வாக்குரிமை அட்டையில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால், அட்டை தொலைந்திருந்தாலும் வாக்குப் போடலாம். பெயர் இல்லாவிட்டால் புத்தம்புது அட்டையாலும் பயன் இல்லை. போன முறை போட்டேனே என்றும் இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அப்போது கணக்கெடுப்புப் படிவத்தைத் திருப்பித் தராதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலிலேயே வரவில்லை. அப்படி விடுபட்டவர்களில் பல தேர்தல்களில் வாக்களித்தவர்களும் உண்டு.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ 'ECINET' செயலியிலோ பார்க்கலாம். 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெயரைப் போட்டுத் தேடினால் ஓர் எழுத்து மாறினாலும் 'இல்லை' என்று வந்துவிடும், அதனால் அட்டை எண்ணைப் போடுங்கள். சாய்கோடுகள் போட்ட நீளமான எண் இருந்தால் அது பழைய அட்டை. இப்போதைய எண் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. தேடலில் எதுவும் வராவிட்டாலும் மனம் விடாமல், உங்கள் வாக்குச்சாவடிக்கான பாகத்தின் பட்டியலையே இறக்கிப் பாருங்கள். துணைப்பட்டியலையும் விடாதீர்கள், நீக்கிய பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

பெயர் இருந்தால் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி மூன்றையும் எழுதி வையுங்கள். வாக்குச்சாவடி மாறியிருக்கலாம். சின்ன எழுத்துப்பிழைக்காக இப்போது அலைய வேண்டாம், ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால் அதைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது. படம் வேறு ஒருவருடையதாக இருந்தால் மட்டும் உடனே திருத்துங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது படிவத்தில்தான். புதிதாகச் சேரவும், நீக்கிய பெயரை மறுபடி சேர்க்கவும் படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம், தொலைந்த அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. வேறு தொகுதிக்கு வீடு மாறினாலும் இப்போது படிவம் 8தான். 2022 ஆகஸ்டுக்கு முன் இதற்குப் படிவம் 6 கேட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இன்னும் படிவம் 6-ஐ நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கி நிரப்பாதீர்கள். ஏற்கெனவே பெயர் உள்ளவர் அதில் 'வேறெங்கும் இல்லை' என்று கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் இருக்கிறது. நீட்டியவர் மேல் எந்தக் கேள்வியும் வராது, கையெழுத்துப் போட்ட உங்கள் மேல்தான் வரும்.

வாடகை வீட்டுக்காரர்களின் பாடு இன்னும் மோசம். ஒப்பந்தம் காட்டினால் 'பதிவு செய்ததா?' என்பார்கள். பதிவு செய்து தருகிற வீட்டுக்காரர் எத்தனை பேர்? அதோடு மல்லுக்கட்டாமல், புது முகவரி ஏறிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக்கைக் கொடுங்கள், ஏற்பார்கள்.

இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ விண்ணப்பித்தால் உங்கள் கைபேசி எண்ணைத்தான் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், நேரில் வரச் சொல்லும் தகவல்கூட அவருக்குத்தான் போகும். விண்ணப்ப எண் இல்லாமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். காகிதப் படிவம் என்றால் அடியில் ஒப்புகைச் சீட்டு இருக்கும். "அப்புறம் வாங்கிக்கோங்க" என்பார்கள். கிழித்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் வரை நில்லுங்கள். அது கையில் இல்லாதவரிடம் 'நீங்கள் மனுவே தரவில்லையே' என்று சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். பகலில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுக்கு வந்து சரிபார்க்கும் பூத் அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பூட்டிய வீடு என்று குறித்துவிட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்பட்டுவிடும். பெயர் சேர்க்கும் மனுவுக்கு ஆட்சேபம் கேட்கவே ஏழு நாள் ஒதுக்க வேண்டும். ஆக, அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது மனு போயிருக்க வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் பூத் சிலிப் அடையாளச் சான்று ஆகாது, ரேஷன் கார்டும் ஆகாது. அட்டை இல்லை என்றால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஒன்றைக் கொண்டு போங்கள்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்றால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உத்தரவின் நகலைக் கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இரண்டு இடத்திலும் அந்த நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.