“37 வயதுதானே டாக்டர்?”

போன வாரம் 64 வயது தந்தையைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார் மகன். தந்தை இன்னும் வயலில் இறங்கி வேலை செய்கிறவர். ரத்த அழுத்தம் 126/80. மாடிப்படி ஏறி வந்த மகனுக்கு மூச்சு வாங்கியது. நான் வற்புறுத்திய பிறகே மகன் கையை நீட்டினார். உட்காரவைத்து, இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்தேன்: 164/104. மறுநாள் வெறும் வயிற்றில் சர்க்கரை 178. “எனக்கு 37 வயதுதானே டாக்டர், இப்போதே மாத்திரையா?” என்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துபோயிருக்கிறேன்.

ஆதாரில் இருக்கும் வயது உங்கள் ரத்தக் குழாய்க்குத் தெரியாது. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை, அவர்களது 38ஆவது வயதில் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், நுரையீரல் திறன் போன்றவற்றைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, அவர்களது உடலின் வயது 28 முதல் 61 வரை வேறுபட்டது. நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59.

“மாத்திரை பழகிவிடும், அப்புறம் விட முடியாது” என்கிறார்கள். பழகுவதற்கு அது போதைப் பொருள் அல்ல. நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது நோய் உள்ளே இருப்பதால்தான். மாத்திரை அதை உண்டாக்கவில்லை. 37 வயதில் அழுத்தம் கூடினால், அந்த அடியை உங்கள் குழாய்கள் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் தாங்க வேண்டும். சிறுவயது என்பதாலேயே சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன். எடை குறைத்து, உப்பைக் குறைத்து, பிறகு மருந்தளவைக் குறைத்துக்கொண்டவர்களும் என்னிடம் உண்டு. ஆனால் டாக்டரைக் கேட்காமல் தாமாகவே நிறுத்தியவர்களை அவசரப் பிரிவில்தான் பார்க்கிறேன்.

உடலின் வயதைச் சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பரிசோதனைகள் வேண்டாம். இடுப்பை அளவுநாடாவால் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, தாண்டினால் கவனம் தேவை. பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் இன்றே விடுங்கள். இரவுத் தூக்கத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்காதீர்கள். 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

தயவுசெய்து, அப்பா அம்மாவை அழைத்து வரும் பிள்ளைகளே, அவர்களுக்குப் பார்த்து முடித்ததும் நீங்களும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள்.